குளிசை தோற்ற கதையும் தன் பிழையைத் திருத்திக்கொண்ட ஆய்வும்

ஐம்பது வயதைத் தாண்டிய நமது வாசகர்களுக்கு மலேரியாவைப் பற்றி நாம் விளக்கிக் கூற வேண்டியதில்லை. போர்வைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தியும் அடங்காத நடுக்கம், அதனைத் தொடர்ந்து உடலைச் சுட்டெரிக்கும் காய்ச்சல், பின்னர் பாயையே நனைத்துவிடும் வியர்வை என்பவற்றை அவர்கள் அனுபவத்தால் அறிவர். வீடு வீடாக வந்து சுவர்களுக்கு மருந்து விசிறியவர்களையும், விரல் நுனியிற் குத்திக் கண்ணாடித் தகட்டில் இரத்தம் எடுத்துச் சென்றவர்களையும் அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, நாவில் நெடுநேரம் தங்கி நிற்கும் குளோரோகுயின் குளிசையின் கசப்பு அவர்களது நினைவில் இருக்கும். இன்றைய இளந்தலைமுறையினருக்கு நுளம்பு என்றால் டெங்குதான். அது நமது நாட்டின் அதிர்ஷ்டம் எனலாம்.

1934, 1935 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80 ஆயிரம் உயிர்களைப் பலிகொண்டது. 1963 ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 நோயாளர்களே பதிவாகினர் என்ற நிலை எய்தப்பட்டது. ஆயினும் கண்காணிப்பிலே தளர்வு ஏற்பட, அந்தத் தசாப்தம் முடிவதற்குள்ளேயே நோயாளர் தொகை பல இலட்சங்களைத் தாண்டியது. 1999 ஆம் ஆண்டிற்கூட 2 இலட்சத்து 60 ஆயிரத்திற்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாகினர். அவர்களுள் பெரும்பாலானோர் யுத்தம் நிலவிய வடக்கு, கிழக்கு மாகாணங்களைச் சேர்ந்தோர் என்பது குறிப்பிடத்தக்கது. உள்நாட்டிலே தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் அறியப்பட்டார். 2016 செப்டெம்பர் 5 ஆம் திகதி உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுப்படுத்தியது.

இந்த நீண்ட போராட்டத்தின் நடுவே, 1984 ஆம் ஆண்டில், கவலைக்குரிய ஒரு செய்தி நமது நாட்டிலும் கேட்டது. மலேரியாவின் கொடிய வகையான பல்சிபாரம் கிருமி, குளோரோகுயின் குளிசைக்கு அடங்க மறுத்த நிகழ்வு முதன்முதலாக இங்கு அறியப்பட்டது. நமது நாட்டிற் பெருமளவிற் காணப்பட்டது வைவாக்ஸ் என்ற மற்றைய வகையாகையாலும், அதற்கு அக்குளிசை தொடர்ந்து பலனளித்தமையாலும் நாம் ஓரளவு தப்பினோம். ஆபிரிக்க மக்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அங்கு ஆதிக்கம் செலுத்துவது பல்சிபாரம் ஆகும். கிராமத்துத் தாயொருத்தி சில்லறைக் காசுக்கு வாங்கித் தன் குழந்தையைக் காப்பாற்றிக்கொண்ட அதே குளிசை, சில வருடங்களுக்குள் பயனற்றுப் போயிற்று.

நேற்றுவரை உயிர்காத்த மருந்து இன்று தோற்பது ஏன்? கிருமியின் உடலில் அப்படி என்னதான் மாறியது? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதிலே தமது ஆய்வு வாழ்வின் முக்கிய பகுதியைச் செலவிட்டவர் அமெரிக்க விஞ்ஞானியான தோமஸ் வெலம்ஸ் ஆவார். விஞ்ஞானத்தைப் பாடமாகக் கற்றிராத நாம், அவரது தேடலை நமக்கு விளங்கிய அளவில் இங்கு எடுத்துக்கூற விழைகிறோம். அத்தேடலின் முடிவு மாத்திரமன்றி, இடையில் நேர்ந்த ஒரு பிழையும், அது திருத்தப்பட்ட விதமும் கவனத்திற் கொள்ளத்தக்கவை என்பதே அதற்குக் காரணம்.

ஒரு மருந்தின் எழுச்சியும் வீழ்ச்சியும்

குளோரோகுயின் 1934 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பேயர் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் ஹான்ஸ் அண்டர்சாக் என்பவரால் உருவாக்கப்பட்டது. மனித உடலுக்கு நஞ்சாகக்கூடும் என்று கருதி அதனை அவர்கள் ஒதுக்கி வைத்தனர். இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில் அமெரிக்க விஞ்ஞானிகள் அதன் அருமையை உணர்ந்தனர். யுத்தம் முடிந்தபின் அது உலகமெங்கும் பரவியது. விலை குறைவு, பக்க விளைவுகள் சொற்பம், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கலாம் ஆகிய காரணங்களால் அதற்கு ஈடான மலேரியா மருந்து அக்காலத்தில் இருக்கவில்லை.

ஆயினும் 1950களின் பிற்பகுதியிலேயே தாய்லாந்து-கம்போடிய எல்லைப் பகுதியிலும், தென்னமெரிக்காவின் கொலம்பியாவிலும் இம்மருந்துக்கு அடங்காத பல்சிபாரம் கிருமிகள் தலைகாட்டின. 1970களின் இறுதியில் அவை கிழக்கு ஆபிரிக்காவை எட்டின. அடுத்த பத்தாண்டுகளில் அக்கண்டத்தின் குறுக்கே மேற்குக் கரை வரையிற் பரவின. மருந்தின் தோல்வி கண்முன்னே தெரிந்தது. அதன் காரணம் மாத்திரம் எவருக்கும் தெரியவில்லை.

மலேரியாக் கிருமி ஓர் ஒட்டுண்ணி. நோய் வெளிப்படும் கட்டத்தில் அது மனிதனின் செங்குருதிக் கலத்தினுள்ளே புகுந்து, அங்குள்ள ஈமோகுளோபின் என்ற புரதத்தை உண்டு வளர்கிறது. அதனைச் சமிபாடு செய்வதற்கெனக் கிருமியின் உடலில் அமிலத்தன்மை கொண்ட சிறு பையொன்று உண்டு. ஈமோகுளோபினைத் தின்னும்போது இரும்பைக் கொண்ட ஈம் என்ற கழிவு எஞ்சுகிறது. இது கிருமிக்கே நஞ்சாகும். எனவே கிருமி அந்த நஞ்சைப் பளிங்குகளாக மாற்றிப் பையினுள்ளே ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. குளோரோகுயின் அந்தப் பைக்குட் சென்று சேர்ந்து, பளிங்காகும் செயலைத் தடுத்துவிடுகிறது. விளைவாகத் தான் உண்ட உணவின் கழிவாலேயே கிருமி மடிகிறது.

மருந்துக்கு அடங்காத கிருமியின் பையில் குளோரோகுயின் போதிய அளவிற் சேர்வதில்லை என்பது 1980களில் அறியப்பட்டது. இருதய நோயாளருக்குக் கொடுக்கப்படும் வெரப்பமில் என்ற மருந்தை ஆய்வுகூடத்தில் உடன் சேர்த்தால், அடங்காத கிருமி மீண்டும் ஓரளவு அடங்குகிறது என்பதும் 1987 ஆம் ஆண்டில் வெளிவந்தது. புற்றுநோய்க் கலங்கள் மருந்தை வெளியே தள்ளித் தப்பிக்கொள்வதையும் வெரப்பமில் தடுப்பதுண்டு. எனவே புற்றுநோய்க் கலத்தில் உள்ளதைப் போன்ற அதே வகை மரபணுவே மலேரியாக் கிருமியிலும் இதற்குக் காரணமாகும் என்று பலர் கருதினர். அத்தகைய மரபணு ஒன்று கிருமியிலும் இருப்பது 1989 ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டபோது, புதிர் அவிழ்ந்துவிட்டதென்றே தோன்றியது. அந்த முடிவு உண்மையா என்பதைச் சோதிக்கும் வழி வெலம்ஸின் ஆய்வுகூடத்தில் உருவாகிக்கொண்டிருந்தது.

கிருமிகளுக்கு ஒரு கலப்பு மணம்

சிக்காகோ பல்கலைக்கழகத்தில் வைத்தியக் கல்வியையும் கலாநிதிப் பட்ட ஆய்வையும் ஒருங்கே மேற்கொண்டவர் வெலம்ஸ். அங்கு அவர் ஆராய்ந்தது, செங்குருதிக் கலங்களை அரிவாள் வடிவில் வளைத்துவிடும் பரம்பரை நோய்க்குக் காரணமான ஈமோகுளோபினை ஆகும். மலேரியா நிலவும் பிரதேசங்களிற் பெருகிய நோய் அது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மாத்திரம் அக்குறைபாட்டைப் பெற்றோர் மலேரியாவின் கொடூரத்திலிருந்து பெரிதும் தப்பிக்கொள்கின்றனர். 1984 ஆம் ஆண்டில் வெலம்ஸ், பெதெஸ்டா நகரில் அமைந்துள்ள அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவகங்களில் இணைந்து, மலேரியாக் கிருமியின் பரம்பரையியலை ஆராயத் தொடங்கினார்.

அவரது வழி மெண்டலின் பட்டாணிச் செடிகளை நினைவூட்டுவது. நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் கலந்து அவற்றின் சந்ததியை எண்ணிப் பார்த்தே பரம்பரை விதிகளை மெண்டல் கண்டார். அவ்வாறே மருந்துக்கு அடங்கும் கிருமியையும் அடங்காத கிருமியையும் இனக்கலப்புச் செய்து, பிள்ளைகளுள் எவை அடங்குகின்றன, எவை அடங்கவில்லை என்று பார்த்தால், காரணமான மரபணு எங்கே இருக்கிறது என்பதை அறியலாம் அல்லவா?

சொல்வதற்கு எளிதான இக்காரியம் செய்வதற்கு மிகக் கடினமானது. பல்சிபாரம் கிருமியை மனித உடலுக்கு வெளியே இடையறாது வளர்க்கும் முறையே 1976 ஆம் ஆண்டிற்றான் கண்டுபிடிக்கப்பட்டது. நியூயோர்க்கின் றொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ட்ரேகரும் ஜேம்ஸ் ஜென்சனும் அதனைச் சாதித்தனர். ஒட்சிசன் குறைந்த சூழலே கிருமிக்கு உகந்தது என்பதால், மூடிய கண்ணாடிச் சாடிக்குள் மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றி அணையவிட்டு அச்சூழலை அவர்கள் ஏற்படுத்தினர் என்பது சுவையான செய்தி. வளர்க்கும் வழி கிடைத்தாலும், கிருமியின் ஆண், பெண் வடிவங்கள் சேர்வது நுளம்பின் வயிற்றில் மாத்திரமே. எனவே இருவகைக் கிருமிகளையும் கலந்து நுளம்புகளுக்கு ஊட்ட வேண்டும். பின்னர் நுளம்பிலிருந்து வெளிவரும் சந்ததியை, அது ஈரலிற் பெருகி இரத்தத்தை அடையும் வகையில் ஒரு சிம்பன்சிக் குரங்கினுட் செலுத்த வேண்டும். எடின்பரோவைச் சேர்ந்த டேவிட் வொலிகருடன் இணைந்து மேற்கொள்ளப்பட்ட இத்தகைய முதலாவது இனக்கலப்பு 1987 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. சிம்பன்சிகளைப் பயன்படுத்தும் ஆராய்ச்சிக்கு ஆதரவளிப்பதை 2015 ஆம் ஆண்டில் அந்த நிறுவகங்கள் கைவிட்டன. மனிதக் கலங்களைத் தாங்கிய எலிகளிலே இவ்வினக்கலப்பை நடத்தும் முறை இப்போது உள்ளது.

வெலம்ஸ் குழுவினர் இரண்டாவது இனக்கலப்புக்குத் தெரிவுசெய்த பெற்றோர் இருவர். ஒன்று, ஹொண்டுராஸ் நாட்டிலிருந்து பெறப்பட்ட, மருந்துக்கு அடங்கும் கிருமி. மற்றையது, இந்தோசீனாவிலிருந்து பெறப்பட்ட, மருந்துக்கு அடங்காத கிருமி. அவற்றிலிருந்து 16 வெவ்வேறு பிள்ளைக் கிருமிகள் பிரித்தெடுக்கப்பட்டன. அப்பிள்ளைகள் ஒன்றில் முற்றாக அடங்கின, அல்லது பெற்றோரைப் போன்றே அடங்க மறுத்தன. இடைப்பட்ட நிலை காணப்படவில்லை. ஆகவே இங்கு தீர்மானிக்கும் இடம் ஒன்றே என்பது தெளிவாயிற்று. அதைவிட முக்கியமாக, பலரும் நம்பிய புற்றுநோய் வகை மரபணு எந்தப் பெற்றோரிடமிருந்து வந்தது என்பதற்கும், பிள்ளை மருந்துக்கு அடங்குமா என்பதற்கும் தொடர்பே இருக்கவில்லை. 1990 ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு பலரை ஏமாற்றத்தில் ஆழ்த்தியிருக்கும். மறு வருடமே, தேடப்படும் மரபணு ஏழாவது நிறமூர்த்தத்தில், சுமார் 4 இலட்சம் எழுத்துகள் கொண்ட ஒரு பகுதியில் உள்ளது என்று அக்குழு அறிவித்தது.

எழுத்து என்று நாம் இங்கு குறிப்பிடுவது டி.என்.ஏ. என்ற பரம்பரைப் பதார்த்தத்தின் நான்கு வகை மூலக்கூறுகளை. மலேரியாக் கிருமியின் 14 நிறமூர்த்தங்களிலும் மொத்தமாக ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் எழுத்துகள் உள்ளன. அக்காலத்தில் அவை முழுமையாக வாசிக்கப்பட்டிருக்கவில்லை. முழு வாசிப்பு 2002 ஆம் ஆண்டிற்றான் வெளியாயிற்று. எனவே தெருப்பெயரோ வீட்டிலக்கமோ இல்லாத ஊரொன்றில், ஒரு குறிச்சிக்குள் ஓர் ஆளைத் தேடும் பணியாக அது அமைந்தது.

தேடாமற் கிடைத்தது

அந்தக் குறிச்சியை வாசித்துச் செல்கையில் அவர்கள் எதிர்பாராத ஒன்றைக் கண்டனர். பெரியனவும் ஒன்றையொன்று ஒத்தனவும் ஆயினும் எங்கும் ஒரேமாதிரி அமையாதனவுமான மரபணுக்களின் கூட்டமொன்று அங்கு தென்பட்டது. வார் என்று பெயரிடப்பட்ட அம்மரபணுக் குடும்பத்தைச் சின்சுவான் சூ, வெலம்ஸ் முதலானோர் 1995 ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். வேறிரு ஆய்வுக்குழுக்களும் அதே வேளையில் வேறு வழிகளால் அதே இடத்தை வந்தடைந்திருந்தன.

கிருமி புகுந்த செங்குருதிக் கலத்தின் மேற்பரப்பில் தோன்றும் ஒட்டும் தன்மையுள்ள புரதத்தை ஆக்குபவை இம்மரபணுக்களே. அப்புரதத்தின் உதவியால் அக்கலம் இரத்தக் குழாயின் சுவரிலே ஒட்டிக்கொள்கிறது. மூளையின் நுண்குழாய்களில் இவ்வாறு ஒட்டி அடைத்துக்கொள்வதே நோயாளியை மயக்கநிலைக்குத் தள்ளும் மூளை மலேரியாவின் ஒரு முக்கிய காரணம். கிருமியிடம் இவ்வாறான மரபணுக்கள் அறுபதளவில் உள்ளன. ஒரு வேளையில் ஒன்றை மாத்திரம் அது பயன்படுத்துகிறது. நமது உடல் அந்த ஒன்றை இனங்கண்டு எதிர்க்கத் தொடங்குவதற்குள், கிருமி இன்னொன்றுக்கு மாறிவிடுகிறது. மாறுவேடக்காரனைப் போன்ற இந்தத் தந்திரமே மலேரியாவுக்கு எதிரான தடுப்பு மருந்து ஆராய்ச்சியை இடர்ப்படுத்திய காரணங்களுள் ஒன்று. மருந்தின் தோல்வியைத் தேடிச் சென்றோருக்கு நோயின் கொடூரத்திற்கான விளக்கம் வழியிலே கிட்டியது.

பிழையான ஆள்

தேடல் தொடர்ந்தது. 4 இலட்சம் எழுத்துகள் கொண்ட பகுதி 36 ஆயிரமாகக் குறுகியது. அதனுள்ளே சி.ஜி.2 எனப் பெயரிடப்பட்ட ஒரு மரபணு கண்ணிற்பட்டது. ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் மருந்துக்கு அடங்காத கிருமிகளில் அம்மரபணு ஒரு குறிப்பிட்ட மாற்றத் தொகுதியைக் கொண்டிருந்தது. 1997 ஆம் ஆண்டில் சூ, வெலம்ஸ் ஆகியோரின் குழு அதனைப் பிரசுரித்தது. ஏழு வருடத் தேடலின் பலன் கிட்டிவிட்டதென்று கருத எல்லாக் காரணமும் இருந்தது.

எனினும் ஒரேயொரு முரண்பாடு எஞ்சியது. சூடானிலிருந்து பெறப்பட்ட ஒரு கிருமி, சி.ஜி.2 மரபணுவில் அடங்காத கிருமிக்குரிய அத்தனை மாற்றங்களையும் கொண்டிருந்தும் மருந்துக்கு அடங்கியது. பல கிருமிகள் பொருந்த, ஒன்று மாத்திரம் பொருந்தாவிடின், அதனை விதிவிலக்கு என்று கூறி ஒதுக்கிவிடும் சபலம் மனித இயல்பு. பத்திரிகைத் தொழிலில் உள்ள நாமும் அதற்கு விதிவிலக்கானவர்கள் அல்லர். எழுதி முடித்த செய்திக்கு மாறாக ஒரேயொரு தகவல் வந்து நிற்கும்போது ஏற்படும் சங்கடத்தை நாம் அறிவோம்.

வெலம்ஸ் குழுவினர் அதனை ஒதுக்கவில்லை. டேவிட் பிடொக் முன்னின்று நடத்திய பரிசோதனைகளில் சி.ஜி.2 மரபணுவை ஆய்வுகூடத்தில் மாற்றியமைத்துப் பார்த்தனர். அடங்காத கிருமி அடங்காததாகவே இருந்தது. ஆக, தாம் சுட்டிக்காட்டிய ஆள் குற்றவாளி அல்லன், குற்றவாளியின் அயல்வீட்டுக்காரன் என்பதை அவர்கள் தாமே நிரூபித்து, தாமே பிரசுரித்தனர். அடுத்தடுத்து அமைந்த மரபணுக்கள் பெரும்பாலும் ஒன்றாகவே சந்ததிக்குக் கடத்தப்படுவதால் இவ்வாறான மயக்கம் ஏற்படுவதுண்டு.

அதே 36 ஆயிரம் எழுத்துகளை மீண்டும் துருவியபோது உண்மையான மரபணு அகப்பட்டது. அது 13 சிறு துண்டுகளாக, இடையிடையே பொருளற்ற எழுத்துத் தொடர்களால் பிரிக்கப்பட்டுக் கிடந்தமையால் முதலிற் கண்ணுக்குத் தப்பியிருந்தது. பி.எப்.சி.ஆர்.ரி. என்று சுருக்கமாகப் பெயரிடப்பட்ட அம்மரபணு, கிருமியின் சமிபாட்டுப் பையின் சுவரிலே பதிந்திருக்கும் 424 அமினோவமிலங்கள் கொண்ட ஒரு புரதத்தை ஆக்குகிறது. பையின் வாயிலாகவே அதனை நாம் கருதலாம். மருந்துக்கு அடங்காத இந்தோசீனக் கிருமியில் அப்புரதத்தின் எட்டு இடங்கள் மாறியிருந்தன. அவற்றுள் 76 ஆவது இடமே தீர்மானிக்கும் இடம். அங்கு லைசீன் என்ற அமினோவமிலம் இருப்பின் கிருமி அடங்கும். அதற்குப் பதிலாகத் திரியோனீன் வந்து அமர்ந்தால் மருந்து வாயில் வழியாகப் பையிலிருந்து வெளியே கடத்தப்பட்டுவிடும்.

சூடான் கிருமிக்கு என்ன நேர்ந்தது? அதனிடம் ஏனைய மாற்றங்கள் இருந்தும், 76 ஆவது இடம் மாத்திரம் பழைய லைசீனாகவே இருந்தது. அக்கிருமியை ஆய்வுகூடத்தில் குளோரோகுயினுக்கு உட்படுத்தியபோது, அதே 76 ஆவது இடம் மாறிய கிருமி ஒன்று தப்பிப் பிழைத்தது. அது மருந்துக்கு அடங்க மறுத்தது. முதலாவது முடிவுக்கு இடைஞ்சலாக நின்ற அதே கிருமி, சரியான முடிவுக்குப் பலமான சாட்சியாயிற்று. 2000 ஆம் ஆண்டில் இவ்வாய்வு வெளியானது. 2002 ஆம் ஆண்டில் பிடொக்கின் குழு, மருந்துக்கு அடங்கும் கிருமியில் இந்த மரபணுவை மாத்திரம் மாற்றி, அது அடங்காததாக மாறுவதைக் காட்டியபோது ஐயத்திற்கு இடமில்லாது போயிற்று.

ஆய்வுகூடத்திலிருந்து கிராமத்திற்கு

ஒரு புரதத்தின் 76 ஆவது இடம் எதுவாயிருந்தால் நோயாளிக்கு என்ன என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி அது. விடை மேற்கு ஆபிரிக்காவின் மாலி நாட்டிலிருந்து வந்தது. அந்நாட்டு விஞ்ஞானிகளான ஓகோபாரா டூம்போ, அப்துலாயே ஜிம்டே ஆகியோர் அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து கிராமத்து நோயாளரின் இரத்தத்தைச் சோதித்து 2001 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். சிகிச்சைக்கு முன்னர் 41 வீதமான தொற்றுகளில் அந்த மாற்றம் காணப்பட்டது. குளோரோகுயின் கொடுத்தும் குணமாகாதோரிடம் அது 100 வீதமாக இருந்தது. அதேவேளை, அந்த மாற்றத்தைக் கொண்ட கிருமி தொற்றியிருந்தும் வயதில் மூத்த சிறுவர்கள் குணமடைவதுண்டு என்பதும் தெரியவந்தது. பலமுறை மலேரியாவைக் கண்ட உடல் பெற்றிருந்த எதிர்ப்புச் சக்தியே அவர்களைக் காத்தது. தோல்வியின் சுமை எதிர்ப்புச் சக்தியற்ற சின்னஞ்சிறு குழந்தைகள் மீதே விழுந்தது.

இதன்பின்னர், ஒரு பிரதேசத்தில் எந்த மருந்து செல்லும், எது செல்லாது என்பதை அறிய, நோயாளரின் விரல் நுனி இரத்தத்துளியைக் கடதாசியில் உலர்த்தி ஆய்வுகூடத்திற்கு அனுப்பி, அந்தவொரு இடத்தை வாசித்தாற் போதும் என்ற நிலை ஏற்பட்டது. உலகெங்குமிருந்து பெறப்பட்ட கிருமிகளை இவ்வாறு ஒப்பிட்டபோது இன்னோர் உண்மையும் 2002 ஆம் ஆண்டில் வெளிவந்தது. இந்த மாற்றம் நாட்டுக்கு நாடு புதிதாகத் தோன்றியதன்று. உலகின் சில இடங்களில் மாத்திரம் தோன்றி, அங்கிருந்து பரவியது. ஆபிரிக்காவைச் சீரழித்த கிருமி ஆசியாவிலிருந்து சென்றதாகும். ஒரு நாட்டின் எல்லையிற் கவனியாது விடப்படும் மருந்து எதிர்ப்பு, மறு கண்டத்துக் குழந்தையின் உயிரைப் பறிக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மலாவி நாட்டின் அனுபவம் இதற்கு நேர்மாறானதும் நம்பிக்கை தருவதுமாகும். அந்நாடு 1993 ஆம் ஆண்டில் குளோரோகுயினைக் கைவிட்டு வேறு மருந்துக்கு மாறியது. 1992 ஆம் ஆண்டில் அங்கு 85 வீதமாக இருந்த மாற்றமுற்ற கிருமி 2000 ஆம் ஆண்டில் 13 வீதமாகக் குறைந்தது. மருந்து இல்லாத சூழலில் அந்த மாற்றம் கிருமிக்கு ஒரு சுமையே. பழைய கிருமி அதனை வென்று மீண்டும் பெருகிற்று. அங்கு சிறுவர்களிடம் நடத்தப்பட்டு 2006 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் குளோரோகுயின் மீண்டும் 99 வீதம் பலனளித்தது. ஒரு மருந்தை நாடு முழுவதும் ஒழுங்காக நிறுத்தினால் அதன் வலிமை மீளக்கூடும் என்பதை உலகம் கண்டுகொண்டது.

வெலம்ஸின் ஆய்வும் ஒரு வகையில் தொடங்கிய இடத்திற்கே திரும்பியது. மாலி நாட்டு மக்களிடம் காணப்படும் வேறுபட்ட ஈமோகுளோபின் வகைகள் எவ்வாறு மலேரியாவிலிருந்து காக்கின்றன என்பதை அவரது குழு ஆராய்ந்தது. அவ்வாறான செங்குருதிக் கலங்களில், ஒட்டும் தன்மையுள்ள அந்த வார் மரபணுப் புரதம் குறைவாகவும் ஒழுங்கற்றும் அமைகிறது என்பதை 2005 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. மாணவப் பருவத்தில் அவர் ஆராய்ந்த ஈமோகுளோபினும், வழியிலே தற்செயலாகக் கிடைத்த மரபணுவும் இவ்வாறு ஓரிடத்திற் சந்தித்தன.

நமக்கு உரிய பாடம்

இக்கதை முடிந்துவிடவில்லை. குளோரோகுயினின் இடத்தை எடுத்துக்கொண்ட ஆர்டிமிசினின் வகை மருந்துகளுக்கும் கிருமி தாமதமாகவே அடங்கும் நிலை 2000களின் இறுதியில் அதே கம்போடியப் பகுதியில் அறியப்பட்டது. அதற்குக் காரணமான வேறொரு மரபணு 2014 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. 2020 ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் ருவாண்டாவிலும் உகண்டாவிலும் அத்தகைய கிருமிகள் அங்கேயே தோன்றியுள்ளமை தெரியவந்தது. ஆர்டிமிசினினுடன் சேர்த்துக் கொடுக்கப்படும் பிப்பெராகுயின் என்ற மருந்து கம்போடியாவில் தோற்றதற்கு, வெலம்ஸ் குழுவினர் கண்டுபிடித்த அதே வாயிற் புரதத்தில் ஏற்பட்ட புதிய மாற்றங்களும் காரணமாகும். 2019 ஆம் ஆண்டில் அப்புரதத்தின் வடிவமே அணுவளவில் படமாக்கப்பட்டது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணிப்பின்படி 2023 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 26 கோடியே 30 இலட்சம் பேர் மலேரியாவுக்கு ஆளாகினர். 5 இலட்சத்து 97 ஆயிரம் பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலானோர் ஆபிரிக்கக் குழந்தைகள்.

மலேரியாவை ஒழித்த நமக்கு இவற்றால் ஆவதென்ன என்று இருந்துவிட முடியாது. நமது நாட்டிலே மலேரியாவைப் பரப்பும் நுளம்பு ஒழிந்துவிடவில்லை. அதுமட்டுமன்றி, நகரங்களிற் பெருகும் வல்லமை கொண்ட இன்னொரு வகை மலேரியா நுளம்பு 2016 ஆம் ஆண்டின் இறுதியில் மன்னாரிற் கண்டுபிடிக்கப்பட்டது. தொழிலுக்காகவும் வியாபாரத்திற்காகவும் யாத்திரைக்காகவும் வெளிநாடு சென்று திரும்புவோர் கிருமியை உடலிற் சுமந்து வரும் நிகழ்வுகள் சான்றிதழ் கிடைத்த பின்னரும் பதிவாகி வந்துள்ளன. ஆபிரிக்காவிலோ இந்தியாவிலோ இருந்து திரும்பியபின் காய்ச்சல் கண்டால், தாம் சென்று வந்த இடத்தை வைத்தியரிடம் கூறி இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது ஒவ்வொருவரதும் கடமையாகும். காய்ச்சல் என்றதும் டெங்குவை மாத்திரம் நினைக்கும் இன்றைய பழக்கத்தில் மலேரியா கவனத்திற்குத் தப்பிவிடலாம். 1963 ஆம் ஆண்டின் 17 நோயாளர்களுக்குப் பின் நேர்ந்ததை நாம் மறத்தலாகாது.

இன்னொன்றும் கூற வேண்டியுள்ளது. 1984 ஆம் ஆண்டில் ஆய்வுகூடத்தினுட் புகுந்த ஒருவர் 2000 ஆம் ஆண்டிலேதான் தான் தேடியதைக் கண்டார். இடையில் பதினாறு வருடங்கள். நடுவில் ஒரு பிழையான முடிவு. அரச நிதியிலே இயங்கிய ஒரு நிறுவனம் அத்தனை காலமும் அத்தேடலுக்கு இடமளித்தது. ஆய்வுக்குச் செலவிடப்படும் பணத்திற்கு உடனடிப் பலன் கேட்கும் மனப்போக்கு நமது நாட்டில் மாத்திரமன்றி உலகெங்கும் காணப்படுகிறது. அவ்வாறு கேட்டிருந்தால் 1997 ஆம் ஆண்டின் பிழையான முடிவோடு கோப்பு மூடப்பட்டிருக்கும். மாலியின் கிராமத்திலே எந்தக் குளிசையைக் கொடுப்பது என்று தீர்மானிக்க அந்த முடிவு உதவியிராது.

பொருந்தாத அந்த ஒரு சூடான் கிருமியை ஒதுக்காமல் மேசைமேல் வைத்துக்கொண்டதே இத்தேடலின் திருப்புமுனை என்பது நமது அபிப்பிராயம். நமது பல்கலைக்கழகங்களிலே விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் மரபணுவின் பெயரை மறந்தாலும் இதனை மறவாதிருத்தல் நன்று.